எந்த இளைப்பு

"ஏறுங்கோ டீச்சர். மிஷினு கடிக்காது."

பழக்கடை சவுரிமுத்து இப்படிச் சொல்லி வரவேற்றது எழுபத்தொன்றாம் வருஷம் ஜனவரியில், புது வருஷ ஆராதனை முடிந்த மறு சனிக்கிழமை. ரத்தினபாய் டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கைப்பையை ஆரஞ்சுக் கூடைமேல் வைத்தாள். மூக்குக் கண்ணாடியையும் கழற்றலாமா என்று யோசித்து, அப்புறம் முள்ளைப் பார்ப்பது எப்படி என்று அதை மட்டும் விட்டுவிட்டு ஏறி நின்றாள். ஆளுயர மிஷின். முகத்துக்கு நேரே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். முள் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது.

"எம்பத்திரெண்டு! சோக்கான வெயிட்டு. இத்த அப்டியே காப்பாத்திக்கினு போங்கோ."

காப்பாற்றுவதா? தொலைக்க வேண்டிய பன்னிரண்டு கிலோவை மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டே அவள் இறங்கினாள். நாற்பத்தேழு வயது, கணக்கு டீச்சர். கழித்தல் அவளுக்குப் புதிதில்லை. தன் உடம்பில் கழிப்பதுதான் புதிது.

பன்னிரண்டு என்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் டாக்டர் எட்மண்ட். குரோம்பேட்டை தாண்டி ரயில் பாதையை ஒட்டியிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அவர்தான் சர்ஜன். போன செவ்வாய்க்கிழமை அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தொப்புள்கிட்ட குடல் பிதுங்கியிருக்கு டீச்சர். ஹெர்னியா. தைக்கணும்."

"மே மாச லீவுல தச்சுடுங்க டாக்டர்."

"தைக்கலாம். ஆனா ஆஸ்துமாவுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறீங்களே, அதைச் சாப்பிடறவங்களுக்குத் தையல் சீக்கிரம் ஆறாது. இவ்வளவு சதையும் சேர்ந்து இழுத்தா பிரிஞ்சுடும். எழுபதுக்குக் கீழே வாங்க."

"அந்த மாத்திரை போட்டா அகோரப் பசி பசிக்குதே! பசிச்சா சாப்பிடறேன். சாப்பிட்டா ஏறுது."

"தெரியும்."

"அப்ப அதை நிறுத்திடட்டுமா?"

"நீங்களா நிறுத்தினா, நான் ஆபரேஷன் பண்றதுக்கு ஆள் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா நான்தான் குறைப்பேன். நீங்க கை வைக்கக் கூடாது."

"மாத்திரையும் போடணும், இளைக்கவும் வேணுமா?"

"ரெண்டும் வேணும். மே பதினஞ்சோட எனக்கு இங்கேயிருந்து மாத்தல். அதுக்குள்ள வந்தா நானே பண்ணிடுவேன். இல்லேன்னா அடுத்த சர்ஜன் எப்ப வருவார்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் அந்தக் குடல் வெளியில வந்து மாட்டிக்காம இருக்கணும்."

"மாட்டிக்கிட்டா?"

டாக்டர் துண்டை மடித்து ஆணியில் போட்டார். "எழுபது," என்றார் மறுபடியும்.

வீட்டில் விஷயம் தெரிந்தது கணவர் சத்தியநாதன் ஒருவருக்குத்தான். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் குமாஸ்தா. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று அவரிடம் சத்தியம் வாங்காத குறை. தொப்புள் என்ற வார்த்தையை எட்டாம் வகுப்புப் பெண்களின் காதில் போட்டுவிட்டு அப்புறம் அந்த வகுப்பில் முக்கோணம் நடத்த முடியுமா?

எடை பார்க்கிற மிஷின் தாம்பரம் ஸ்டேஷனிலேயே இருந்தது. ஆனால் அது டிக்கெட் கவுண்டர் பக்கத்தில். பள்ளிக்கூடத்துப் பெண்கள், சபை ஜனங்கள், பெருங்களத்தூரிலிருந்து வரும் தயிர்க்காரிகள் எல்லாரும் நிற்கிற இடம். அங்கே ஏறி நின்றால் எண்பத்திரண்டு என்பதை ஊரே ஒப்பித்துவிடும். அதனால்தான் அவள் ஒரு ஸ்டேஷன் தள்ளி, சானடோரியத்தில் இறங்கி, வாசலில் இருந்த சவுரிமுத்து கடையைக் கண்டுபிடித்தாள். தெரிந்தவர்கள் யாரும் அங்கே இறங்க மாட்டார்கள்.

ஏன் இறங்க மாட்டார்கள் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும். அது காசநோய் ஆஸ்பத்திரி ஸ்டேஷன். தாம்பரத்தில் யாரும் டி.பி. என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "பாவம், அவர் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிட்டார்," என்பார்கள். அவ்வளவுதான், கேட்டவருக்குப் புரிந்துவிடும். தனக்கில்லாத வியாதி தன்மேல் வந்து ஒட்டும் என்று ரத்தினபாய்க்குத் தோன்றவேயில்லை.

ஜனவரியும் பிப்ரவரியும் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம். பசியை மட்டுமா கொடுக்கிறது? கால்களுக்குள் யாரோ குந்திக்கொண்டு "எழுந்திரு, எழுந்திரு" என்பது மாதிரி ஒரு பரபரப்பு. விடிவதற்குள் எழுந்து அடுக்களை டப்பாக்களை இறக்கித் துடைப்பாள், பிறகு ஏற்றுவாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மோர். பள்ளியில் இடைவேளை மணி அடித்தால் மற்ற டீச்சர்கள் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். இவள் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். பெண்கள் அவளுக்குப் பெண்டுலம் என்று பெயர் வைத்துவிட்டதும் அவளுக்குத் தெரியும்.

"கொஞ்சம் உட்காரேன் ரத்னா. உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலிக்குது," என்பார் சத்தியநாதன்.

"உட்கார்ந்தா பசிக்குது."

"நடந்தா?"

"நடந்தாலும் பசிக்குது. ஆனா அடுக்களையை விட்டுத் தள்ளி இருக்கேன் இல்லே?"

முள் இறங்கத்தான் செய்தது. எண்பது. எழுபத்தெட்டு. பிப்ரவரி கடைசியில் எழுபத்தாறு. அவள் முகம் மட்டும் மாத்திரையினால் பூரியாக உப்பியே இருந்தது. கை கால் இளைத்து ரவிக்கைக் கை தொளதொளத்தது. சவுரிமுத்துவின் முகமோ வாரத்துக்கு வாரம் வாடியது.

"இன்னா டீச்சர் இது? வாரா வாரம் எறங்கிகினே போவுது! மருந்து மாத்திரையெல்லாம் ஒயுங்கா துன்றீங்களா இல்லியா?"

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப ரெண்டு ஆரஞ்சி எடுத்துக்குங்கோ. துட்டு வேணாம், போங்கோ."

நல்ல மனுஷன், ஆனால் எதற்கு இத்தனை அக்கறை என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள். ரயிலில் திரும்புவதில்லை, நடந்தால் இன்னும் கொஞ்சம் கரையும் அல்லவா.

இந்தச் சமயத்தில்தான் சரசு கேட்டாள். பீர்க்கன்கரணையிலிருந்து வந்து பாத்திரம் தேய்ப்பவள். இவர்கள் வீடு முடித்து அடுத்த தெருவில் தபீதாள் அம்மாள் வீட்டுக்குப் போவாள்.

"சனிக்கியமையானா எங்க டீச்சரம்மா கெளம்பிடுறீங்கோ?"

"யார்கிட்டயும் சொல்லாதே. சானடோரியம் வரைக்கும்."

சாம்பல் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த சரசுவின் கை சட்டியிலேயே நின்றது. "அய்ய, எதுக்கு?"

"எல்லாம் இளைக்கத்தான்."

"இளைப்புக்கா?"

"ஆமாம். இளைப்புக்கு," என்று சொல்லிவிட்டு ரத்தினபாய் பெண்டுலமாக அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

டீச்சர் சொன்ன இளைப்பு உடம்பு மெலிவது. சரசுவின் வீட்டில் இளைப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய பெரியப்பன் இளைப்பு கண்டு, நெஞ்சுக்கூடு தெரிய இருமி, ரத்தம் கக்கிச் செத்தவன். சொல்லாதே என்று டீச்சர் சொன்னதால் சரசு ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தபீதாள் அம்மாளிடம் மட்டும் சொன்னாள். தபீதாள் அம்மாள்தான் சபையில் பெண்கள் சங்கத்துத் தலைவி.

இதெல்லாம் ரத்தினபாய்க்குப் பின்னால் தெரியவந்தது. அன்றைக்கு அவள் கண்டதெல்லாம், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் வந்து நின்ற ஒரு தூக்குச் சட்டி.

"ஸ்தோத்திரம் ரத்தினம்! ஆட்டுக்கால் சூப். மிளகு தட்டிப் போட்டிருக்கேன். சூடா இருக்கச்சே குடிச்சிடு."

"எதுக்கக்கா இதெல்லாம்?"

"எதுக்கா? கண்ணாடியில உன் கையைப் பார்த்தியா? முருங்கைக்காய்!"

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படித்தான் சொல்லணும். தைரியம்தான் பாதி மருந்து." தபீதாளின் கண் கலங்கியது. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

ஆபரேஷன் விஷயத்தை இவர்தான் உளறிவிட்டார் என்று ரத்தினபாய் கணவரை முறைத்தாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

மறுநாள் ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி ஒரு செம்பு பசும்பால், பனங்கற்கண்டு போட்டு. வியாழக்கிழமை பெண்கள் சங்கத்திலிருந்து மீன் எண்ணெய் பாட்டில் ஒன்று, பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம். ஜெபம் பண்ணிக் கொண்டுவந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது? வாங்கி மூடி வைப்பாள். மூடி வைத்தால் வாசனை மூடிக்கொள்ளுமா? அவள் கூடத்தில் நடப்பாள். வாசனையும் கூடவே நடக்கும்.

"கொண்டா, நான் சாப்பிடறேன்," என்பார் சத்தியநாதன் தியாகி மாதிரி. மார்ச் மாதம் முடிவதற்குள் அவருடைய கால்சட்டையில் பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது.

எல்லா நாளும் அவரே சாப்பிட்டுவிடவில்லை. ஒருநாள் அவர் வர நேரமாகிவிட, ரத்தினபாய் அடுக்களையில் நின்றபடியே சூப்பு முழுவதையும் குடித்து, எலும்பை உறிஞ்சி, நான்கு முட்டையை அவித்து உப்புக்கூடத் தொடாமல் விழுங்கினாள். விழுங்கிவிட்டு அழுதாள். அந்த வாரம் முள் எழுபத்தாறிலேயே நின்றது. அது நியாயம் என்று நினைத்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு பருக்கைகூட அதிகம் சாப்பிடவில்லை, மறுபடியும் எழுபத்தாறு. அதற்கடுத்த வாரம் எழுபத்தைந்தரை. பிறகு எழுபத்தாறு.

"ஆங்! இப்பத்தான் ஒரு எடத்துல நிக்கிது," என்று சவுரிமுத்து மட்டும் சந்தோஷப்பட்டான். அவன் கடைமுன் நின்ற மற்றவர்களும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெரியவர், "ரெண்டு கிலோ ஏறிட்டேன்!" என்று முன்பின் தெரியாத இவளிடம் சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். எல்லாருக்கும் ஏறுகிறது, இறங்க வேண்டியவளுக்கு இறங்க மாட்டேன் என்கிறதே!

சபையிலும் ஏதோ சரியில்லை. எங்கள் சபைகளில் திருவிருந்துத் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம்தான். வரிசையாக முழங்கால் போட்டிருப்போம், போதகர் ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்துக்கொண்டே வருவார். இப்போதெல்லாம் ரத்தினபாய் எந்த வரிசையில் போய் நின்றாலும், அவளுக்கு அடுத்துப் பாத்திரம் வாங்க யாரும் இருப்பதில்லை. தபீதாள் அம்மாள் வேறு கையைப் பிடித்து, "உனக்கு என்ன அவசரம், நீ நிதானமா கடைசியா வா," என்பாள். மூச்சு வாங்குகிறவள் என்று மரியாதை செய்கிறார்கள் போலும் என்று அவளும் கடைசியாகவே போனாள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி சனிக்கிழமை. முள் எழுபத்தாறுக்கு வந்து, கொஞ்சம் தாண்டியும் போயிற்று.

"எழுபத்தாறரை! பார்த்தீங்களா, இப்பத்தான் ஒடம்பு பிடிக்குது," என்றான் சவுரிமுத்து.

அவள் இறங்கினாள். மே பதினைந்துக்கு ஆறு வாரம். ஆறரை கிலோ. மூன்று நாளாக ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கிறாள். இன்னும் எதைக் குறைப்பது? வீட்டுக்கு நடந்து வரும்போதே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. வயிற்றுக்குள் போகிறவற்றில் இன்னும் குறைக்காதது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மாத்திரைப் புட்டியை எடுத்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

"மாத்திரை போட்டாச்சா?" என்று சத்தியநாதன் கேட்டபோது, "ஆச்சு," என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று.

ஞாயிறு, திங்கள் ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கைகால் ஓய்ந்து வந்தது. அந்தப் பரபரப்புகூட அடங்கி, அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா, இன்னிக்குத்தான் உட்கார்ந்தே," என்றார் அவர். புதன்கிழமை நெஞ்சுக்குள் விசில் கேட்டது. பெரிய வியாழன் சாயங்கால ஆராதனைக்கு அவள் போயிருக்கவே கூடாது. போனாள். கடைசி ஆளாக முழங்கால் போட்டாள். பாத்திரம் நாலு பேர் தள்ளி வந்துகொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

இழுத்தால் வரவில்லை, விட்டால் போகவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமி அவள் பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி சரிந்தாள். முன் வரிசையில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தபீதாள் அம்மாள் ஒருத்திதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

"டாக்ஸி கூப்பிடுங்க! சானடோரியத்துக்கு!"

ரத்தினபாய்க்கு மூச்சில்லை, ஆனால் காது இருந்தது. "ஏன்... அங்கே?"

"உன் டாக்டர் அங்கேதானே இருக்கார்!"

"எட்மண்ட்," என்றாள். "குரோம்பேட்டை." அதற்குமேல் பேச முடியவில்லை. நல்லவேளை, சத்தியநாதனுக்கு வழி தெரியும்.

ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, விடிந்தபோது அவள் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை. டாக்டர் எட்மண்ட் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"எத்தனை நாளா மாத்திரை போடலே?"

"அஞ்சு."

"ஏன்னு கேட்கலாமா?"

"எழுபத்தாறரை காட்டுச்சு டாக்டர். நாலு வாரமா இறங்கவேயில்லே."

டாக்டர் நர்சைப் பார்த்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவளை ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றினார்கள். அவர் குண்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எழுபத்தொண்ணு."

"எழுபத்தாறரை."

"எழுபத்தொண்ணும்மா. எந்த மிஷின்ல பார்த்தீங்க?"

"சானடோரியம் ஸ்டேஷன் வாசல், பழக்கடையில."

மருந்து டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்த தபீதாள் அம்மாளின் வாய் மெதுவாகத் திறந்தது. "நீ சானடோரியம் போனது எடை பார்க்கவா?"

"வேறே எதுக்குப் போறாங்க அக்கா?"

"சரசு இளைப்புக்குன்னாளே!"

"இளைக்கத்தான் போனேன்."

"அந்த இளைப்பில்லேடி... இந்த இளைப்பு!" தபீதாள் தன் நெஞ்சில் குத்திக் காட்டினாள்.

ரத்தினபாய்க்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. சூப்பு. முட்டை. மீன் எண்ணெய். கடைசி இடம். மூக்கைப் பொத்திய முந்தானை. அவள் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு டி.பி.யும் இல்லே, ஒரு மண்ணும் இல்லே! தொப்புள்ல குடல் பிதுங்கியிருக்கு! தொப்புள்! தொப்புள்! போய்ச் சங்கத்துல சொல்லுங்க!"

வார்டில் பதினாறு கட்டில். பதினாறும் திரும்பிப் பார்த்தது.

தபீதாள் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைசியா வான்னு உன்னை நிறுத்தினேனே," என்றாள். "எல்லாருக்கும் குழந்தை குட்டி இருக்குன்னு நெனைச்சேன்," என்று முடித்தாள். ரத்தினபாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது தபீதாள் கையிலேயே இருந்தது.

டாக்டர் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார். "மாத்திரையை மறுபடி ஏத்தியாகணும். முன்னைவிடக் கூடவே பசிக்கும். மே எட்டாம் தேதி பதினோரு மணிக்கு வாங்க. எழுபதுக்குக் கீழே இருந்தா அன்னிக்கே அட்மிட். நான் போறதுக்கு ஒரு வாரம் இருக்கும், தையலைப் பார்த்துட்டுப் போவேன்."

"எழுபது இருந்தா?"

"கீழேன்னு சொன்னேன்."

ஒரே ஒரு கிலோவும் சொச்சமும். நாலு வாரம். அந்த நாலு வாரம் ரத்தினபாய் பட்ட பாட்டை எழுதி மாளாது. பசி ஒரு மிருகம் மாதிரி வீட்டுக்குள் அலைந்தது. அவளும் அதன் பின்னால் அலைந்தாள். நடக்கலாம், ஆனால் மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. நடப்பாள், நிற்பாள், நடப்பாள். எங்கேயும் எடை பார்க்கவில்லை. எந்த மிஷினையும் நம்ப அவளுக்குப் பயமாக இருந்தது.

தபீதாள் அம்மாள் தினமும் வந்தாள், வெறுங்கையோடு. வந்து அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"என்னக்கா, காவலா?"

"ஊட்டினவளே காவல் காக்கட்டும்."

"ஒரு முறுக்கு. ஒண்ணே ஒண்ணு."

"பீன்ஸ் வெந்திருக்கு, எடுத்துக்கோ."

"பீன்ஸைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமா வருது!"

"ஆத்திரப்படு. அதுலயும் கொஞ்சம் இளைக்கும்."

மே எட்டாம் தேதி காலை இருவரும் ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினார்கள். துணிப்பையில் இரண்டு புடவை, துண்டு, சோப்பு டப்பா, மாத்திரைப் புட்டி. பை தபீதாள் கையில். சத்தியநாதன் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. சானடோரியம் வந்ததும் ரத்தினபாய் எழுந்து நின்றாள்.

"எங்கே?"

"இங்கே ஒரு ஆளைக் கேட்க வேண்டியது இருக்கு. மணி ஒன்பதுதானே."

சவுரிமுத்து அவளைப் பார்த்ததும் ஆரஞ்சுகளை விட்டுவிட்டு ஓடி வந்தான். "டீச்சர்! கீறீங்களா! ஒரு மாசமா காணோமேன்னு நான் இன்னான்னவோ நெனச்சிகினு..."

"உங்க மிஷின் பொய் சொல்லுது."

"அத்த ஏன் திட்றீங்கோ. நாந்தான் சொல்ல வெச்சேன்."

"என்னது?"

அவன் மிஷினின் முதுகைத் தட்டினான். "இங்க ஒரு திருகு கீது. நான் அம்பத்தெட்டுல இந்த ஆஸ்பத்திரிக்குள்ள பதினோரு மாசம் படுத்துகினு கெடந்தவன் டீச்சர். வாராவாரம் வெயிட்டு எடுப்பாங்கோ. கொறஞ்சா அன்னிக்கி சோறு எறங்காது. சோறு எறங்கலேன்னா அடுத்த வாரம் இன்னும் கொறையும். நம்பரு ஏறினாத்தான் மனசு ஏறும். உங்களுக்கு முள்ளு எறங்கசொல்லோ மனசு கேக்கல. ஒரு திருகு திருகி வெச்சேன். அடுத்த வாரமும் எறங்கிட்டீங்கோ. இன்னொரு திருகு. நான் திருகத் திருக நீங்கோ எறங்கிகினே போறீங்கோ! இன்னாடா இது பேஜாருன்னு ராவெல்லாம் தூக்கமில்ல எனுக்கு."

"எனக்காகத் திருகினா மத்தவங்களுக்கு?"

"அல்லாருக்கும் அஞ்சு கிலோ ஏறிச்சு. ஒரே குஷி. உங்க புண்ணியம்."

தபீதாள் அம்மாள் பையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ரத்தினபாய் சிரிக்கவில்லை. இவன் திருகிய திருகுக்கு அவள் உயிரல்லவா கம்பியைப் பிடித்துத் தொங்கியது? திட்டுவதற்கென்று நாலு வாரமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஆள் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. இந்த மனுஷனும், ஆட்டுக்கால் சூப்பும், எல்லாம் ஒரே ஜாதி.

"எனக்கு வியாதி இல்லே சவுரிமுத்து. நான் இளைக்கத்தான் வந்தேன். இப்ப அதைச் சரியா வைங்க."

அவன் பின்னால் போய்த் திருகினான். முள் பூஜ்யத்துக்கு வந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள், ஏறினாள்.

முள் ஆடியது. நின்றது.

"எழுபது," என்றாள் தபீதாள். "கண்ணாடியைக் கழட்டு."

கழற்றினாள். எழுபது.

"வளையலையும் கழட்டு. கொண்டை ஊசி?"

எழுபது.

"எழுபதுன்னா பரவாயில்லேன்னு டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

"கீழேன்னா கீழேதான் அக்கா. முப்பத்தஞ்சுக்குக் கீழே ஃபெயில்னா முப்பத்தஞ்சு வாங்கினவளை நான் ஃபெயில் போடறேனா?"

ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அந்தப் பெண்ணின் கழுத்தெலும்புக் குழியில் தாலிக்கயிறு விழுந்து கிடந்தது. அவள் மிஷினைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவுரிமுத்துவின் கை திருகின்மேல் போய், தயங்கி, ரத்தினபாயைப் பார்த்தது.

அவள் இறங்கி அவன் பக்கமாகப் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "அஞ்சு அதிகம். கண்டுபிடிச்சுடுவாங்க. கிரேஸ் மார்க் ரெண்டு போடலாம். அதுக்கு மேல நான் யாருக்கும் போட்டதில்லே."

"ரெண்டுதானே? ஆச்சு."

பின்னால் முள் சத்தமில்லாமல் இரண்டு கோடு நகர்ந்தது. ரத்தினபாய் திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கினாள்.

"ஸ்டேஷன் இந்தப் பக்கம் ரத்தினம்!"

"ரயில் வேணாம். நடந்துடலாம்."

"மே மாச வெயில்லயா? உனக்கு மூச்சு..."

"வாங்கினா நிக்கறேன். பதினோரு மணிக்குத்தானே வரச் சொன்னார்?"

ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகப் புளியமரத்து நிழலுக்கு நிழல் நடந்தார்கள். லாரி போனால் ஒதுங்கி நின்றார்கள். நின்றபோதெல்லாம் ரத்தினபாய் மூச்சை எண்ணினாள். எண்ணி முடித்ததும் கால் தானாகக் கிளம்பியது. முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியது. இந்த வியர்வைக்கெல்லாம் எடை இருக்குமா, இருந்தால் எத்தனை கிராம் என்று அவள் மனம் கணக்குப் போட்டபடியே வந்தது. தாகம் நாக்கை ஒட்டியது. மண்பானைத் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டும்போது தபீதாள் நின்று இரண்டு டம்ளர் குடித்தாள். இவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் எட்மண்ட் இருவரும் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தார். "ஏறுங்க," என்றார். குண்டை எழுபதில் வைத்தார். கம்பி கீழே விழுந்தது. மெதுவாகத் தட்டித் தட்டி இந்தப் பக்கம் நகர்த்தினார். ரத்தினபாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மூச்சுக்கும் எடை உண்டோ என்னவோ. கம்பி நடுவில் வந்து மிதந்தது.

"அறுபத்தொம்பதே முக்கால்," என்றார் டாக்டர். "சிஸ்டர், டீச்சருக்கு முதல்ல குடிக்கத் தண்ணி கொடுங்க. அப்புறம் கட்டில்."

வராந்தா பெஞ்சில் தபீதாள் அம்மாள் துணிப்பையை மடியில் வைத்தபடி சாய்ந்து கிடந்தாள். முகம் சிவந்து, ஓலை விசிறியால் வீசிக்கொண்டே, வாயைத் திறந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"இளைக்குது ரத்தினம்."

"எந்த இளைப்பு?"

தபீதாள் அம்மாள் கையிலிருந்த விசிறியால் அவள் தோளில் ஒன்று போட்டாள். "போடி உள்ளே," என்றாள்.